இல்லாத சாறியின் சிவப்புக் கரை

எங்கள் தொழிலில், ஆபத்தான ஒரு வேலையைச் செய்வதற்கு முன் அது ஏன் ஆபத்தில்லை என்று ஒரு வரி எழுதி வைக்க வேண்டும். அந்த வரி உண்மையா என்று கணினி பார்ப்பதில்லை. மனிதர்களும் அநேகமாகப் பார்ப்பதில்லை. முழுதாக விளங்காத ஒன்றின் கீழ் கையெழுத்தைப் போட்டுவிட்டு, சோற்றைப் பிசைந்தபடி அதையே யோசித்துக்கொண்டிருந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். இருந்தால் பக்கத்தில் வந்து இருங்கள்.

காட்ட ஒன்றுமில்லாத வேலை

எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். ஆகவே நான் என்ன வேலை செய்கிறேன் என்று கொழும்பில் எங்கள் கொட்டாஞ்சேனை முழுவதற்கும் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு அம்மாவுக்கு வந்தது. ஒரு ஞாயிறு அவவை இருத்தி விளக்கினேன். கணினியில் படம் வரைவதற்கென்று தனியாக ஓர் அட்டை இருக்கிறது. அந்த அட்டைக்குச் சொந்தமாக நினைவகம் இருக்கிறது. எந்தப் படத்துக்கு அதில் எந்த இடம் என்று கொடுப்பதும், முடிந்த பிறகு திருப்பி எடுப்பதும் ஒரு பழைய நிரல் தொகுப்பின் வேலை. சி மொழியில் எழுதியது, மகா கெட்டித்தனம். ஆனால் பிழையாகக் கேட்டாலும் கேட்டதைக் கொடுத்துவிடும்.

அதைச் சுற்றி ரஸ்ட் என்ற மொழியில் ஓர் உறை எழுதுவதுதான் என் வேலை. பிழையாகக் கேட்டால், ‘இல்லை, தரமாட்டேன்’ என்று சொல்லும் உறை. நான் நன்றாகச் செய்தால் திரையில் எதுவுமே வித்தியாசமாகத் தெரியாது. அம்மா முருங்கைக்காய் வெட்டுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தா.

“நாலு வருசம் படிச்சு, அஞ்சு மாசமா வேலைக்கும் போறாய், காட்டுறதுக்கு ஒண்டுமில்லை எண்டா கீழ்வீட்டு ஆக்களுக்கு நான் என்னத்தைப் பிள்ளை சொல்ல?”

அந்த ஒரு வரி

எங்கள் அலுவலகம் வெள்ளவத்தையில், கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையில், மூன்றாம் மாடி. ரயில் போகும்போது கண்ணாடி மெல்ல நடுங்கும். கடலும் சேர்ந்து நடுங்குவது போல் இருக்கும். பின்னேர வெயில் திரையில் விழும் நேரம், நான் எழுதிய எழுத்துகளின் மேலேயே அலை வந்து போகும். அப்படியான ஒரு பின்னேரம்தான் அந்த வரியை எழுதினேன்.

ரஸ்ட் மொழியில் ‘அன்சேஃப்’, அதாவது ‘பாதுகாப்பில்லை’, என்று நிரலுக்குள் ஓர் அடைப்பு உண்டு. பழைய சி தொகுப்பைத் தொட வேண்டுமானால் அதற்குள் போய்த்தான் தொட முடியும். போவதற்கு முன் மேலே காரணம் எழுதுவது எங்கள் வழக்கம். படத்தின் இடத்தைத் திருப்பிக் கொடுக்கும் அடைப்புக்கு மேலே நான் எழுதினேன்: ‘அட்டை வரைந்து முடித்த பின்னரே இந்த இடம் திருப்பிக் கொடுக்கப்படும்.’ அப்படித்தான் நடக்கும் என்று நினைத்தேன். எங்கள் பரிசோதனை இயந்திரத்தில் அப்படித்தான் நடந்தது. வேறெங்கும் அப்படி நடக்குமா என்று பார்க்கவில்லை.

என் வேலையைச் சரிபார்ப்பவர் எங்கள் குழுவுக்குப் பொறுப்பான நிரஞ்சன் அண்ணா. ஒவ்வொரு வரியாகக் கீழே வந்தவர் இந்த வரியில் சற்று நின்றார். பிறகு சிரித்தபடி, பார்த்தாயிற்று என்று கையெழுத்து வைத்தார்.

“இவ்வளவு நம்பிக்கையா எழுதியிருக்கிறீர், நான் எதுக்குப் பாக்கவேணும்?”

கேட்டவரும் கேட்கப்பட்டதும்

எங்கள் முதல் வாடிக்கையாளர் காலி வீதி என்கிற பெரிய தெருவில் ஒரு சாறிக் கடை. அங்கே ஆளுயரத் திரை ஒன்று வைத்தோம். முன்னால் போய் நின்றால் கண்ணாடி போல உங்களைக் காட்டும். அலுமாரியிலிருந்து இறக்காமலே எந்தச் சாறியையும் உங்கள் மேல் உடுத்திக் காட்டும். உள்ளே படங்களுக்கு இடம் பிடித்துக் கொடுப்பது என் உறை.

இரண்டாம் வாரம் மகளின் கலியாணத்துக்குச் சாறி எடுக்க ஓர் அம்மா வந்தா. திரையில் மயில் பச்சை ஒன்றைப் போட்டுப் பார்த்தா. பிறகு கடையில் இருந்த மயில் பச்சை எல்லாவற்றையும் இறக்கச் சொன்னா. முப்பது சாறி இறக்கியும் அவ கேட்டது வரவில்லை. நெருப்புச் சிவப்பில் கரை வைத்த மயில் பச்சை. அப்படி ஒன்று தாங்கள் வாங்கவேயில்லை என்று முதலாளி சத்தியம் பண்ணினார். அந்த அம்மா கதிரையை இழுத்துப் போட்டு இருந்துவிட்டா.

“ஒரு செக்கன் எண்டாலும் என்ர உடம்பில கிடந்த சாறி, தம்பி. ஆருக்கு ஒளிச்சு வச்சிருக்கிறீர்?”

செல்வி அக்கா சொன்னது

திரைக்குப் பக்கத்தில் நின்று சாறிகளை மாற்றிவிடுகிறவ செல்வி அக்கா. மலைநாட்டில் அட்டன் பக்கத்திலிருந்து வந்தவ. அவதான் பிழையாக எதையோ அமுக்குகிறா என்று முதலாளி முடிவு கட்டிவிட்டார். சனிக்கிழமையோடு வேலைக்கு வர வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார். எதற்கும் ஒருக்கால் பார்த்துவிட்டு வா என்று வியாழக்கிழமை அலுவலகத்தில் என்னை அனுப்பினார்கள்.

கடை அமைதியாக இருந்தது. நான் திரைக்கு முன்னால் நின்றேன். செல்வி அக்கா நீலம், மஞ்சள், ஊதா என்று மாற்றிக்கொண்டே போனா. நிறங்கள் என் மேல் தண்ணீர் போல வழிந்துபோயின. நீலச் சாறியில் நிற்கிறேன். கண்ணை மூடித் திறக்கும் நேரம், அதன் கரை மட்டும் மஞ்சளாகிப் பழையபடி நீலமாயிற்று. நான் பார்த்ததிலேயே மிக அழகான சாறி அதுதான். நான் திரையை விட்டு ஓர் அடி பின்னால் போனேன்.

ஏனென்றால் எனக்கு உடனே விளங்கிவிட்டது. அலுவலகத்துப் பரிசோதனை இயந்திரம் ஒரு படம் முடியும் வரை காத்திருந்துதான் அடுத்ததைத் தொடங்கும். கடையில் அந்தக் காத்திருப்பு இல்லை. அட்டை நீலத்தை வரைந்துகொண்டிருக்கும்போதே, ‘முடிந்தது’ என்று என் உறை அதன் இடத்தைப் பிடுங்கி மஞ்சளுக்குக் கொடுத்திருக்கிறது. நிரலுக்குள் நடப்பதை எல்லாம் மொழி பார்த்துக்கொள்ளும். அட்டைக்குள் நடப்பது அதற்குத் தெரியாது. அதற்காகத்தான் அந்த ஒரு வரியை என்னிடம் கேட்டார்கள்.

“நான் ஒண்ணுமே அமுக்கலங்க மிஸ், அதுவா கனவு மாதிரி வந்துட்டுப் போகுது, நீங்களாச்சும் பாத்தீங்கள்ல?”

லாச்சிக்குள் கடிதம்

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை என் ஆறு மாதத் தகுதிகாண் காலம் முடிகிறது. வேலை நிரந்தரமாகும் கடிதம் அன்று வரும் என்று அம்மா கீழ்வீட்டுக்கும் சொல்லிவிட்டா. கடையிலிருந்து அலுவலகம் ஐந்து நிமிட நடை. நான் கடற்கரைக்கு இறங்கி, தண்டவாளம் ஓரமாகச் சுற்றி, அரை மணித்தியாலம் நடந்தேன். கடல் ஒரே வெள்ளி நிறம். வெள்ளி கழித்துத் திங்கள் சொன்னால் என்ன என்று ஒவ்வொரு அலையும் கேட்டது. நானும் ஒவ்வொன்றுக்கும் ‘ஓம்’ என்றேன். சனிக்கிழமை என்று நினைத்ததும் கால் தானாகத் திரும்பிற்று.

நிரஞ்சன் அண்ணாவிடம் முழுவதையும் சொன்னேன். என் குரல் யாருடையதோ போல் கேட்டது.

“கடிதம் என்ர மேசை லாச்சிக்குள்ள கிடக்குது. திங்கள் சொல்லியிருந்தா உமக்கு ஒண்டும் நடந்திராதே?” என்றார்.

“திங்கள் செல்வி அக்கா அங்க இருக்கமாட்டா அண்ணா.”

அவர் லாச்சியைத் திறக்கவில்லை. தன் தொலைபேசியை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

“எனக்குச் சொன்னது போதும், இதை அப்படியே கடைக்காரருக்குச் சொல்லும். பாத்திட்டன் எண்டு சைன் வச்ச என்ர பேரையும் சேர்த்துச் சொல்லும்.”

திருத்திய பிறகு

திருத்தம் சின்னது. திருப்பிக் கொடுக்க வேண்டிய இடங்களை ஒரு வரிசையில் நிறுத்தி வைத்தேன். முடிந்துவிட்டது என்று அட்டையே சொன்ன பிறகுதான் ஒவ்வொன்றையும் விட்டேன். என் பழைய வரியை அழிக்கவில்லை. அது இப்போது உண்மை. கடிதம் வந்தது: தகுதிகாண் காலம் இன்னும் மூன்று மாதம். கீழ்வீட்டுக்கு அம்மா இன்னும் அதைச் சொல்லவில்லை.

செல்வி அக்கா இன்னும் கடையில்தான் இருக்கிறா. அவவிடம் தானே போய் மன்னிப்புக் கேட்டதாக முதலாளி சொன்னார். ‘ஏதோ சொன்னாருங்க’ என்று மட்டும் செல்வி அக்கா சொன்னா. போன வாரம் முதலாளி எனக்கு அழைப்பெடுத்தார். மறுபடி ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து எழும்பியே நின்றுவிட்டேன்.

“பிள்ளை, அந்தப் பிழையை ஒரு பட்டனா வச்சுத் தர ஏலாதோ? அந்த அம்மா இன்னும் அதே சாறியைத்தான் கேட்டுக்கொண்டு நிக்கிறா!”

ஆகமொத்தத்தில், யாரும் சரிபார்க்காத ஒரு வரியை உண்மையாக்க எனக்கு ஆறு மாதமும், இல்லாத ஒரு சாறியும் தேவைப்பட்டிருக்கின்றன.