பச்சை இன்ஜினின் அடித்தட்டு

அன்னெக்ரெட் லூபர்ஸ் இருபது வருடம் டிவி ரிப்பேர் கடையில் வேலை பார்த்தவள். கடையை மூடியதும், ஜெர்மனியில் செல்லே ஊரிலிருந்த தன் வீட்டுப் பின்னறையில் மேசை போட்டு, வீட்டில் ஓட்டும் சின்னஞ்சிறு மாதிரி ரயில்களில் பழசானவற்றை டிஜிட்டல் கட்டளையில் ஓடும்படி மாற்றிக் கொடுக்க ஆரம்பித்தாள். பதினோரு வருடமாக அதுதான் பிழைப்பு.

வருகிறவர்களிடம் முதலில் தொகையைச் சொல்லிவிடுவாள். கட்டளை வாங்கும் டிகோடர், சின்ன ஸ்பீக்கர், புது மோட்டார், விளக்கு, நாலு மணி நேரக் கூலி எல்லாம் சேர்ந்து இருநூற்று நாற்பது யூரோ. பெரும்பாலான பழைய இன்ஜின்கள் விற்றால் நூறுகூடத் தேறாது. "யோசிச்சுட்டு வரேன்" என்று இன்ஜினைத் துணியில் சுற்றி எடுத்துப் போவார்கள். அந்த நவம்பரில் மட்டும் மூன்று பேர் அப்படிப் போனார்கள்.

நான்காவதாக வந்தவர் டெட்லெஃப் புருன்ஸ், பஸ் ஓட்டுநர். அப்பா வைத்துவிட்டுப் போன பச்சை டீசல் இன்ஜினை அட்டைப்பெட்டியோடு கொண்டுவந்தார். வீட்டிலுள்ள மற்ற ரயில்களெல்லாம் டிஜிட்டல், இது மட்டும் சும்மா நிற்கிறது, ஹாரனும் இன்ஜின் சத்தமும் வேண்டும் என்றார். தொகையைக் கேட்டு முகம் சுளிக்கவில்லை.

அன்னெக்ரெட் உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தாள். அந்தப் பச்சையையும் பக்கவாட்டு எண்ணையும் பார்த்ததும் புரிந்துவிட்டது. ஒரே ஒரு கடைக்காகச் சில நூறு மட்டும் செய்த இன்ஜின். கை படாமல் பெட்டியோடு இருந்தால் சேகரிப்பவர்கள் ஆயிரத்து நானூறு கொடுப்பார்கள். டிகோடர் வைக்க உள்ளே வெட்டிவிட்டால் இருநூறு தேறுவதே பெரிய விஷயம். சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் இவரும் பெட்டியை மூடிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

"ஒரு தடவை வெட்டிட்டா பழையபடி ஆக்க முடியாதுங்க" என்று மட்டும் சொன்னாள்.

"அதுக்கென்ன, ஓடறதுக்குத்தானே ரயிலு" என்றார் அவர்.

புதன்கிழமை காலை, மோட்டாரும் சக்கரமும் இருக்கும் அடித்தட்டைக் கழற்றினாள். திசை மாற்றும் பழைய ரிலேயை வெட்டியெடுத்தாள். ஸ்பீக்கருக்கு இடம் செய்ய அடித்தட்டின் இரும்புக் கட்டையைக் குடைந்துகொண்டிருக்கையில் போன் அடித்தது. பேசியது டெட்லெஃபின் அண்ணன் ஃபோல்கர். அப்பாவின் இன்ஜினில் தனக்கும் சரிபாதி உண்டு, வெள்ளிக்கிழமை ஒரு சேகரிப்பாளர் வாங்க வருகிறார், தம்பி தன்னைக் கேட்காமல் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான் என்றார்.

"அதுல கை வச்சுட்டீங்களா?"

அவள் விரல்களில் உலோகத் தூள் ஒட்டியிருந்தது.

"இன்னும் இல்லைங்க."

வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. நாளை தம்பியோடு வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லி அவர் போனை வைத்தார். அன்னெக்ரெட் நாற்காலியில் உட்கார்ந்தாள். அப்புறம் எழுந்து உதிரிப் பெட்டிகளைக் கிளற ஆரம்பித்தாள். அதே மாடலின் சாதாரண சிவப்பு இன்ஜின் ஒன்று மேல்கூடு உடைந்து கிடந்தது. அடித்தட்டு முழுசாக இருந்தது. பச்சைக் கூட்டை அதன்மேல் வைத்து அழுத்தினாள். கச்சிதமாக உட்கார்ந்தது. வெளியிலிருந்து பார்த்தால் எவனாலும் கண்டுபிடிக்க முடியாது.

மறுநாள் அண்ணனும் தம்பியும் வந்தார்கள். ஃபோல்கர் இன்ஜினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சக்கரத்தை உருட்டினார்.

"அப்படியே இருக்கு. நல்லவேளை."

டெட்லெஃப் சுவரைப் பார்த்து நின்றார். ஃபோல்கர் கோட்டுப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். உள்பாகங்கள் எதுவும் மாற்றப்படவில்லை என்று தொழில் தெரிந்தவர் எழுதிக் கொடுத்தால் வாங்குபவர் விலையைக் குறைக்க மாட்டாராம்.

"ஒரு கையெழுத்துதான், லூபர்ஸ் அம்மா."

பேனாவை வாங்கிக்கொண்டாள். தாளைப் படித்தாள். மறுபடியும் படித்தாள். ஃபோல்கர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "இதுல நான் கையெழுத்துப் போட முடியாது. இது உங்க அப்பாவோட அடித்தட்டு இல்ல." இழுப்பறையைத் திறந்து, குடைந்துவைத்திருந்த அசல் அடித்தட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். "நீங்க போன் பண்ணப்பவே வெட்டியாச்சு. பொய் சொல்லிட்டேன்."

ஃபோல்கர் கத்தவில்லை. அதுதான் அவளை மேலும் பயமுறுத்தியது.

"இதோட விலை என்னன்னு அன்னைக்கே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"இவன்கிட்ட சொன்னீங்களா?"

"சொல்லல. சொன்னா வேலை போயிடும்னு சொல்லல."

டெட்லெஃப் திரும்பி முதல் முறையாக அவளைப் பார்த்தார். விலை தெரிந்திருந்தால் கொண்டுவந்தே இருக்க மாட்டேன் என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்தாள். அவர் அண்ணனிடம்தான் பேசினார். உன் பாதி எழுநூறை நான் தருகிறேன், இன்ஜின் என்னிடம் இருக்கட்டும் என்றார். வழக்குப் போடலாம் என்றார் ஃபோல்கர். "யாரு மேல? என் மேலயா? போடு" என்றார் தம்பி. வாக்குவாதம் வாசல்வரை போனது. கடைசியில் ஃபோல்கர் எழுநூறுக்கு ஒத்துக்கொண்டார். அவள் பக்கம் திரும்பாமலே காரில் ஏறிப் போனார்.

கூலி வேண்டாம், பாகங்களின் விலையும் வேண்டாம் என்று அன்னெக்ரெட் சொன்னாள். அந்த எழுநூறிலும் பாதியைத் தருவதாகச் சொன்னாள். டெட்லெஃப் வேலையை முடித்துக் கொடுத்து, கூலியை மட்டும் விட்டுவிடச் சொன்னார். மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை.

சனிக்கிழமை, அவர் பக்கத்தில் நிற்க, இன்ஜினைச் சோதனைத் தண்டவாளத்தில் வைத்தாள். மோட்டார் கம்பி எங்காவது இன்ஜினின் உலோக உடம்பில் பட்டிருந்தால் டிகோடர் அந்த நொடியே எரிந்துவிடும். ஆயிரம் தடவை செய்த வேலைதான். அன்று பொத்தானை அழுத்த விரல் வரவில்லை. அழுத்தினாள். ஒரு விநாடி ஒன்றுமில்லை. பிறகு டீசல் உறுமத் தொடங்கியது. டெட்லெஃப் ஹாரனை ஒரே ஒரு முறை அடித்துப் பார்த்தார். பெட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு, பாகங்களுக்கான பணத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

மாதிரி ரயில் சங்கத்தில் ஃபோல்கர் எல்லாரிடமும் சொன்னார். பிப்ரவரி வரை யாரும் அவள் வீட்டு மணியை அடிக்கவில்லை. மார்ச்சில் ஒருவர் நீராவி இன்ஜின் ஒன்றைக் கொண்டுவந்தார். வெட்டாமல் விற்றால் என்ன கிடைக்கும், வெட்டினால் என்ன ஆகும் என்று அவள் ஒரு தாளில் எழுதி அவர் முன் நகர்த்தினாள். அவர் படித்துவிட்டு, யோசித்து வருகிறேன் என்று எடுத்துப் போனார்.