தொட்டியத்தில் விலைபோகாத வீடு

வீட்டுத் தரகு என்பது தனக்கு இல்லாததை ஊருக்கெல்லாம் வாங்கிக் கொடுக்கும் தொழில். பதினொரு வருடமாக ஸ்ரீரங்கத்திலும் திருச்சியிலும் இதைத்தான் செய்கிறேன். எத்தனையோ பேருக்குப் பால் காய்ச்சிக் கொடுத்துவிட்டு, ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு என் வாடகை வீட்டுக்குத் திரும்புவேன். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி கழனிப் பானையில் விழுந்த கதைதான்.

போன ஆனியில் எங்கள் வீட்டு ஓனர் மாடி இறங்கி வந்தார். மகனுக்குக் கல்யாணம், தை பிறந்ததும் வீட்டைக் காலி செய்து தர வேண்டும் என்றார். ஓனர் தானாகப் படியிறங்கி வந்தால் என்ன செய்தி என்று வாடகைக்குக் குடியிருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஸ்ரீரங்கத்தில் வேறு வீடு தேடினேன். வாடகையைக் கேட்டால், நான் பிறருக்குச் சொல்லும்போது நியாயமாகத் தெரிந்த தொகையெல்லாம் அநியாயமாகத் தெரிந்தது. இதற்கு நடுவில்தான் அந்தத் தொட்டியம் வீடு என் கைக்கு வந்தது.

ஆடியில் வந்த சாவி

ஆடி மாதத்தில் எங்கள் தொழிலுக்குப் பட்டினி. பத்திரம் பதிய மாட்டார்கள், முன்பணம் தர மாட்டார்கள், சிலர் வீட்டைப் பார்க்கக்கூட வர மாட்டார்கள். அந்த நேரத்தில்தான் என்னோடு சேர்ந்து தொழில் செய்யும் மன்சூர் பாய், தொட்டியத்தில் ஒரு வீடு விலைக்கு வந்திருக்கிறது, பார்த்துவிட்டு வரலாம் என்றார். பாய்க்குப் பாலக்கரையில் வீடு, அறுபது வயது. பேச்சில் என்னைவிடப் பத்து மடங்கு கெட்டி.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறி, முசிறி தாண்டிப் போய் இறங்கினோம். வீட்டின் சொந்தக்காரர் கோயம்புத்தூருக்கு மகனோடு போய்விட்டார். சாவி பக்கத்து வீட்டு வசந்தாவிடம் இருந்தது. இரண்டு அறை, ஒரு கூடம், வெளிச்சமான சமையலறை, கொல்லையில் கிணறு. மதில் சுவருக்கு அந்தப் பக்கம் வசந்தா வீட்டு வாழைத்தோட்டம். ஸ்ரீரங்கத்தில் கார் நிறுத்த இடம் வாங்கும் விலைக்கு இங்கே கிணற்றோடு வீடு. நான் கூடத்தில் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். பாய் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, வீடு காட்ட வந்தவங்க மாதிரி பாரும்மா. பீரோ எங்க வைக்கலாம்னு பாக்குற மாதிரி பாக்காத" என்றார்.

மொட்டை மாடியில் ஒரு பெரியவர்

ஆவணி பிறந்ததும் முதல் ஆளாக வந்தவர் ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் குடியிருக்கும் ஒரு பெரியவர். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், நெற்றி நிறையத் திருமண். விசாலமாக, காற்றோட்டமாக, கையைக் கடிக்காமல் ஒரு வீடு வேண்டும் என்று கேட்டிருந்தார். கிணற்றை எட்டிப் பார்த்தார், சமையலறைக் கதவைத் திறந்து மூடினார், எல்லாம் திருப்தி. நேராக மொட்டை மாடிக்கு ஏறிக் கிழக்குப் பக்கம் கண்ணுக்கு மேல் கையை வைத்து வெகுநேரம் பார்த்தார். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வாழை, அதற்குப் பின்னால் தென்னை.

"கோபுரம் தெரியலையேம்மா" என்றார். பஸ்ஸிலேயே ஒன்றரை மணி நேரம் ஆகும் தூரம், எப்படித் தெரியும் என்றேன். விடியலில் கோயில் திறந்ததும் பெருமாளின் முதல் தரிசனமான விஸ்வரூபம் சேவிக்க வேண்டும், முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார். வசந்தா ஐந்து மணி என்றாள். பெரியவர் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். முகம் வாடிவிட்டது. கீழே இறங்கி வந்து, செருப்பை மாட்டிக்கொண்டு சொன்னார்:

"பெருமாள் எனக்காகக் காத்துண்டிருப்பாரா? அகம் ரொம்ப நன்னாயிருக்கு. இதை அப்படியே ஸ்ரீரங்கத்துக்குக் கொண்டுவர முடியுமான்னு பாரும்மா."

குவைத்திலிருந்து ஒரு பார்வை

அடுத்து பாய் தன் சொந்தக்காரப் பெண் ஒருத்தியை அழைத்து வந்தார். கணவர் குவைத்தில். அவர் போனில் வீடியோவாக வந்து வீட்டைச் சுற்றினார். சீலிங்கைக் காட்டு, குழாயைத் திற, கிணற்றுக்குள் போனை இறக்கு என்று அங்கிருந்து ஆணை பிறந்துகொண்டே இருந்தது. வாழைத்தோட்டத்தில் ஒரு மயில் வந்து நின்றதும் மனிதர் சொக்கிப் போய்விட்டார். "மாஷா அல்லாஹ், இதுதான் வீடு" என்று குவைத்திலிருந்தே குடியேறிவிட்டார்.

வீடு விலைபோகப் போகிறதே என்று கலங்கும் தரகரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? யாரும் கேட்காமலே, மழைக்காலத்தில் தவளைச் சத்தம் தாங்காது என்றேன், கொசு உண்டு என்றேன், பெரிய ஆஸ்பத்திரி என்றால் திருச்சி தில்லை நகருக்குத்தான் போக வேண்டும் என்றேன். எல்லாம் உண்மைதான், ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை. அந்தப் பெண் அதையெல்லாம் காதில் வாங்கவே இல்லை. போனை அணைத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்:

"எங்கம்மா வீடு எங்க தெருவுல மூணாவது வீடுங்கக்கா. அவரு குவைத்துலயே இருக்கட்டும், நான் எங்கம்மா பக்கத்துலயே இருக்கேன், இந்த வீடு மயிலுக்கே இருக்கட்டும்."

பாய் கேட்ட கேள்வி

திரும்பும் பஸ்ஸில் குணசீலம் தாண்டியதும் பாய் ஜன்னலை மூடினார். ஏதோ பேசப் போகிறார் என்று அர்த்தம்.

"பதினொரு வருஷத்துல ஒரு பார்ட்டிகிட்டயாவது தவளையைப் பத்திப் பேசியிருக்கியாம்மா? நீ அந்த வீட்டை விக்கிறியா, காப்பாத்துறியா?"

வீட்டுக்காரரின் வைராக்கியம்

குட்டு உடைந்த பிறகு மறைப்பானேன்? அன்றைக்கே என் கணவரிடம் சொல்லிவிட்டேன். அவர் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தினமும் சாயங்காலம் ராஜகோபுரத்துக்கு எதிரில் நான்கு நண்பர்கள், நான்கு டீ, ஓர் உலக அரசியல். அதை விட்டுவிட்டு வரச் சொன்னால் எப்படி இருக்கும்? "அங்க போய் நான் யார்கூடப் பேசறது, வாழை மரத்துகூடவா?" என்றார். அவருடைய ஓய்வுப் பணத்தில் மிஞ்சியதையும் என் சேமிப்பையும் சேர்த்தால் ஸ்ரீரங்கத்தில் ஒரு சமையலறை வாங்கலாம், தொட்டியத்தில் அந்த வீட்டையே வாங்கலாம் என்றேன். ஒரு தடவை நேரில் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்வதாக ஒப்புக்கொண்டார்.

இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார். பஸ்ஸை விட்டு இறங்கிய இடத்தில் சேற்றில் கால் வைத்துவிட்டார். வசந்தாவின் கணவர் முருகேசன், தோட்டத்து பம்ப்செட்டில் கால் கழுவிக்கொள்ளச் சொன்னார். கால் கழுவப் போனவர் வரவே இல்லை. போய்ப் பார்த்தால் சட்டை வாழை மரத்தில் தொங்குகிறது, மனிதர் குழாய்க்கு அடியில் உட்கார்ந்திருக்கிறார். தண்ணீர் தலையில் கொட்டுகிறது. பக்கத்தில் முருகேசனும் உட்கார்ந்து காவிரியில் தண்ணீர் விடுவது பற்றிக் கத்திப் பேசிக்கொண்டிருக்கிறார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வாங்க, வீட்டைப் பார்க்கலாம் என்று கூப்பிட்டேன்.

"அதான் நீ பாத்துட்டியே. மோட்டாரை நிறுத்தச் சொல்லாத" என்றார்.

பருப்புப் பரீட்சை

இத்தனைக்கும் பிறகு நேராகப் போய் வாங்கிவிட வேண்டியதுதானே என்பீர்கள். ஆனால் மறுநாளுக்கு வீட்டைக் காட்டுவதாகக் கமலா அம்மாவுக்கு ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தோம். கொடுத்த வாக்கை மீறினால் இந்தத் தொழிலில் அப்புறம் நம்மை யாரும் வாசலில் ஏற்ற மாட்டார்கள். அந்த அம்மா துவாக்குடிப் பக்கம் தொழிற்சாலைக் குடியிருப்பில் முப்பது வருடம் இருந்தவர். பையில் குக்கர், சின்ன கேஸ் அடுப்பு, ஒரு பொட்டலம் துவரம் பருப்பு. வந்ததும் கிணற்றில் தண்ணீர் சேந்தச் சொல்லிப் பருப்பை வேக வைத்தார். தண்ணீர் உப்பாக இருந்தால் பருப்பு வேகாது, வேகாத வீடு வேண்டாம் என்பது அவர் கொள்கை. மூன்று விசில் வரும் வரை எல்லோரும் குக்கரையே பார்த்துக்கொண்டிருந்தோம். வேகக் கூடாது என்று நான் ஒரு சாமியையும் வேண்டவில்லை. வேண்டத் தோன்றியது, அவ்வளவுதான்.

மூடியைத் திறந்தால் வெண்ணெயாய்க் குழைந்திருந்தது. கமலா அம்மா கரண்டியில் எடுத்து எனக்கு ஒரு வாய் கொடுத்தார். "முன்பணம் குடுத்திரலாமா?" என்று கேட்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த அம்மா விடவில்லை, என்ன விஷயம் என்று துருவினார். தையில் வீட்டைக் காலி செய்ய வேண்டியதையும், இந்த வீட்டின் மேல் நான் வைத்த ஆசையையும் சொல்லிவிட்டேன். உங்களுக்குப் பிடித்திருந்தால் உங்களுக்குத்தான், தொழில் தர்மம் அது என்றும் சொன்னேன். கமலா அம்மா குக்கரைக் கழுவிப் பையில் வைத்தார்.

"விக்கிறவங்களே அழுவுறாங்கன்னா வீடு சுத்தமான வீடுதான். நீங்களே எடுத்துக்கங்க. எனக்கு இதே தெருவுல வேற பாருங்க, ஆனா அதுக்குள்ள நீங்க காலை வைக்காதீங்க, பாய் மட்டும் பாக்கட்டும்."

சாட்சிக் கையெழுத்து

தரகர் தானே வாங்கினால் பேரம் பேசக்கூடாது என்று பாய் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சொந்தக்காரர் கேட்ட விலைக்கே முடித்தோம். பத்திரப் பதிவு அன்றைக்குப் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு போனேன். ஆனால் பழக்கம் விடுமா? பதிவு அலுவலகத்தில் நுழைந்ததும் "பார்ட்டிக்கு வழி விடுங்க" என்று என் கணவரையே ஒதுக்கினேன். பத்திர எழுத்தர் தாள்களை நீட்டியதும், பேனாவை வாங்கி மளமளவென்று கடைசிப் பக்கத்துக்குப் புரட்டி, சாட்சிகள் என்ற இடத்தில் முதல் வரியில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பதினொரு வருடமாக நான் கையெழுத்துப் போட்ட இடம் அது ஒன்றுதான்.

எழுத்தர் தலையில் கை வைத்துக்கொண்டார். கடைசிப் பக்கத்தை மறுபடி அச்சடிக்க வேண்டியதாயிற்று. புதுத் தாளை என் முன்னால் வைத்து, வாங்குபவர் என்ற இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். என் பெயர் அங்கே அச்சாகி இருந்தது. அதை ஒருமுறை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுப் பேனாவை எடுத்தேன்.

"நிதானமாப் போடுங்கக்கா. இன்னைக்கு நீங்க சாட்சி இல்ல, வீட்டுக்காரங்க" என்றார்.

ஒரு சீப்புப் பழம்

தை முதல் வாரத்தில் குடிவந்தோம். அதே தெருவில் எங்களுக்கு நாலாவது வீடு கமலா அம்மாவுக்கு அமைந்தது. நான் சத்தியமாக அதற்குள் காலை வைக்கவில்லை. வந்த மூன்றாம் நாள் வீட்டுக்கு வருபவர்களுக்கு வெற்றிலை பாக்கோடு கொடுக்கக் கடைத்தெருவில் ஒரு சீப்புப் பூவன்பழம் வாங்கிக்கொண்டு தெருவில் நுழைந்தேன். இந்த ஊரில் யாருமே செய்யாத தப்பு அது என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு வாசலிலும் என் கையில் இருந்த சீப்பையே பார்த்தார்கள். அரை மணி நேரத்தில் எங்கள் கூடத்தில் நான்கு வீட்டிலிருந்து நான்கு தார். பின்னாலேயே வாழைப்பூ, தண்டு, ஒரு கட்டு இலை. எல்லாம் ஒன்றாகப் பழுத்து, இன்றுவரை என் கணவர் காலையில் பழம், மதியம் பழம், ராத்திரி பழம். ஸ்ரீரங்கத்து டீக்கடை நண்பர்களுக்கும் வாரம் ஒரு பை போகிறது. வசந்தா மட்டும் இன்னும் இடுப்பில் கை வைத்துக்கொண்டுதான் பேசுகிறாள்:

"தொட்டியத்துல குடியிருந்துகிட்டுக் காசு குடுத்து வாழைப்பழம் வாங்கினீங்களே, எங்க மேல உங்களுக்கு அப்படி என்னங்க கோவம்?"

சொந்த வீடு வந்தால் நிம்மதி வரும் என்று பதினொரு வருடம் எல்லோரிடமும் சொல்லி வந்தேன். முதலில் வருவது வாழைத்தார், நிம்மதி அதற்கு அடுத்த பஸ்ஸில்தான் வருகிறது.