வாங்கியவரே பேச வேண்டும்

காசை வாங்கிக்கொண்டு பொருளைக் கொடுப்பது வியாபாரம். காசு கொடுத்தவரிடம் "பொருள் உங்களுடையது அல்ல" என்று பொறுமையாக விளக்குவது என் உத்தியோகம். கம்ப்யூட்டர் விளையாட்டுகளை நெட்டில் விற்கிற ஒரு கம்பெனியின் தமிழ் கஸ்டமர் கேரில் நான்கு வருடமாக இருக்கிறேன். திண்டுக்கல் நாகல்நகரில் மாடி வீடு. அதன் பின்னறையில் காலை ஒன்பது மணிக்கு ஹெட்செட்டை மாட்டினால் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் கழற்றுவேன். நீங்களும் என்றைக்காவது ஒன்றை அழுத்தி, இரண்டை அழுத்தி, போட்ட பாட்டையே திரும்பத் திரும்பக் கேட்டு நொந்துபோய், ஒரு மனுஷக் குரல் வராதா என்று காத்திருந்திருப்பீர்கள். அந்தப் பக்கம் இருப்பவளும் ஒரு மனுஷக் குரலுக்காகத்தான் காத்திருக்கிறாள். அந்த ஹெட்செட்டைக் கழற்றிவிட்டால் என் வீட்டில் பேச ஆள் கிடையாது.

என் வீட்டுக்காரர் அமலன் ஸ்பின்னிங் மில்லில் சூப்பர்வைசராக இருந்தார். எங்கள் கம்பெனியிலேயே ஒரு விவசாய விளையாட்டை வாங்கினார். சொந்த ஊரான அகரத்தில் அவருடைய அப்பா களை எடுக்கக் கூப்பிட்டால் வேலைக்குப் பயந்து திண்டுக்கல்லுக்கு பஸ் ஏறிவிடுகிற மனுஷன், கம்ப்யூட்டரில் மட்டும் சம்சாரியாகிவிட்டார். உழுவார், விதைப்பார், மாட்டைக் குளிப்பாட்டுவார். அதில் ஒரு செவலை மாட்டுக்கு ரீட்டா என்று என் பெயரையே வைத்தார். "கோவிச்சுக்கிரும், ஆனா பால் நல்லாக் குடுக்கும்" என்று விளக்கம் வேறு. இரண்டு வருடத்துக்கு முன்பு மில்லிலேயே நெஞ்சுவலி வந்து போய்விட்டார்.

மாடு இருக்கிறது. தினமும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவருடைய பாஸ்வேர்டைப் போட்டு உள்ளே போய் அதற்குத் தீனி வைக்கிறேன். ஓடிபி அவர் நம்பருக்குத்தான் வரும் என்பதால் அந்த சிம்முக்கும் தவறாமல் ரீசார்ஜ் செய்கிறேன். கம்பெனி விதிப்படி இது குற்றம். வாங்கியவர் இறந்துவிட்டதாகத் தெரிந்தால் அவருடைய கணக்கை மூடிவிட வேண்டும். மனைவிக்கும் கிடையாது, பிள்ளைக்கும் கிடையாது. அந்த விதியை ஊருக்கெல்லாம் படித்துச் சொல்கிறவளே நான்தான். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் மாடு பட்டினி கிடக்குமே!

பட்டனில் என்ன எழுதுவது

எங்கள் டீம் லீடர் பிரவீன் சென்னையில் இருக்கிறார். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். நேரில் பார்த்ததில்லை. சேர்ந்த புதிதில், கஸ்டமர்களுக்குப் படித்துக்காட்ட வேண்டிய வாசகத்தைத் தமிழில் எழுதித் தரச் சொன்னார். நானும் இரண்டு நாள் மெனக்கெட்டு எழுதினேன்: "தாங்கள் வாங்கியது விளையாட்டை அல்ல, அதை விளையாடுவதற்கான அனுமதியை மட்டுமே. அந்த அனுமதி எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறப்படலாம்." பிரவீனுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. பூட்டுக்குப் பேர்போன ஊர்க்காரி சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறாள் என்று கிண்டல் செய்தார்.

எனக்கு ஒரு சந்தேகம். கம்பெனி ஆப்பில் பச்சைக் கலரில் 'வாங்குக' என்று ஒரு பட்டன் இருக்கிறதே, அதிலும் 'அனுமதி பெறுக' என்று மாற்றிவிட்டால் யாரும் போன் போட்டுச் சண்டை பிடிக்க மாட்டார்களே என்று கேட்டேன். பிரவீன் சொன்னார்: "அக்கா, அப்படிப் போட்டா யாருக்கா வாங்குவா?"

நிலக்கோட்டை மல்லிகை

நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கும் ஓர் அம்மா கூப்பிட்டார். பின்னால் ஏலச் சத்தமும் வேன் ஹாரனும். இரண்டு மகன்கள், ஒருவன் வீட்டில், ஒருவன் மதுரையில் காலேஜ் ஹாஸ்டலில். இருவருக்கும் சேர்த்து ஒரே கணக்கில் ஒரு கார் பந்தய விளையாட்டை வாங்கிக் கொடுத்திருக்கிறார். அண்ணனும் தம்பியும் ஒரே நேரத்தில் இரண்டு ஊரில் ஆடவும் எங்கள் சர்வருக்குச் சந்தேகம் வந்து கணக்கைப் பூட்டிவிட்டது.

ஒரு தடவை வாங்கினால் ஓர் ஆள்தான் ஆடலாம் என்று விளக்கினேன். "ரெண்டும் எம் பிள்ளைக தானம்மா" என்றார். அனுமதியைப் பங்குபோட முடியாது என்று சொல்லி, நான் எழுதிய வாசகத்தை எனக்கே கூச்சமாக இருக்கும்படி படித்தேன். முழுசாகக் கேட்டுவிட்டு, ஏலக்காரரிடம் செத்த நேரம் பொறுக்கச் சொல்லிவிட்டு, அந்த அம்மா என்னிடம் சொன்னது: "பூவை வித்துப்பிட்டா அதைக் கொண்டையில வச்சாகளா, ரெண்டா நறுக்கி மக மருமகளுக்குக் குடுத்தாகளான்னு நாங்க பின்னாடியே போய்ப் பாக்க மாட்டோம் தாயி!"

தொட்டி மேல் சீட்டு

பழனிப் பக்கம் தோட்டத்தில் தனியாக இருக்கும் ஒரு பெரியவர். சம்சாரம் இல்லை, மகள் கனடாவில். மகள் வாங்கிக் கொடுத்த சீட்டு விளையாட்டை டேப்லெட்டில் ஆடுவார். எதிராளி கிடையாது, ஓர் ஆள் ஆடுகிற ஆட்டம். ஆனால் ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் அது எங்கள் சர்வரைத் தொட்டு அனுமதி வாங்க வேண்டும். அவர் தோட்டத்திலோ சிக்னல் இல்லை. அதனால் தினமும் தண்ணீர்த் தொட்டி மேலே ஏறி, ஆட்டத்தைத் திறந்து, அணையாமல் பத்திரமாகக் கீழே இறக்கிக்கொண்டு வருவாராம்.

ஏறும்போது முட்டி வலிக்கிறது, இதற்கு வழி உண்டா என்று கேட்கத்தான் கூப்பிட்டிருந்தார். வழி இல்லை என்றேன். அனுமதி உள்ளவர்தான் ஆடுகிறாரா என்று கம்பெனி ஒவ்வொரு தடவையும் உறுதி செய்துகொள்கிறது என்று சமாதானமும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். நிதானமாகக் கேட்டார்: "நான் தனியா உக்காந்து ஆடறேனுங்க அம்மணி, நான் தனியா இருக்கறது உங்க கம்பெனிக்குத் தினமும் எதுக்குங்க தெரியோணும்?"

எரியோட்டிலிருந்து ஒரு சான்றிதழ்

இந்த வேலையில் நான் ஒரு திருட்டு வித்தை கற்று வைத்திருக்கிறேன். எங்கள் பேச்செல்லாம் பதிவாகும். யாராவது "இது எங்க அண்ணன் அக்கவுண்ட்டு, அவரு..." என்று இழுத்தால் எனக்கு விஷயம் புரிந்துவிடும். வாக்கியத்தை முடிக்க விடமாட்டேன். குறுக்கே பாய்ந்து, "வெளிய போயிருக்காரா சார்? வந்ததும் ஒரு போன் பண்ணச் சொல்லுங்க" என்று சொல்லிவிடுவேன். பெரும்பாலானவர்கள் ஒரு நொடி திகைத்து, புரிந்துகொண்டு வைத்துவிடுவார்கள். இறந்துவிட்டார் என்று பதிவில் யாரும் சொல்லவில்லை, கணக்கும் பிழைத்துக்கொள்ளும்.

எரியோட்டுக்காரரிடம் மட்டும் அந்த வித்தை பலிக்கவில்லை. எடுத்ததுமே ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்: "எம் மகன் ஜெயக்குமார் பைக்ல போய் விழுந்து செத்துப்போனாம்மா, அவன் பேர்ல இருக்கத எம் பேருக்கு மாத்தணும்." தாலுகா ஆபீசுக்கு அலைந்து வாரிசுச் சான்றிதழ் வாங்கி வைத்திருந்தார். ஈ.பி. இணைப்பு, கேஸ் புத்தகம், பேங்க் என்று எல்லாவற்றிலும் பெயர் மாற்றியாகிவிட்டது, இது ஒன்றுதான் பாக்கி என்றார். மறைத்திருந்தால் காலத்துக்கும் வைத்துக்கொண்டிருக்கலாம். முறையாகச் செய்ய வேண்டும் என்று நினைத்ததுதான் அவர் செய்த தப்பு.

அவருக்கு ஆடத் தெரியாது, மகள்தான் திறந்து காட்டுவாள். மகன் கால்பந்து விளையாட்டில் ஜெயித்த கப்புகள் வரிசையாக அதற்குள் இருக்கின்றன, அதை அப்பப்போ பார்க்க வேண்டும், அவ்வளவுதான். நான் விதியைச் சொன்னேன். சாயங்காலம் ஆறு மணி வரை மூடாமல் வைத்திருக்கிறேன், அதற்குள் மகளை விட்டுத் திறக்கச் சொல்லி எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். என் அதிகாரத்தில் இருந்தது அந்த அரை நாள்தான். அவர் என்னைத் திட்டவில்லை, தெரிந்துகொள்ள விரும்புகிறவர் மாதிரி கேட்டார்: "கரண்டு ஆபீஸ்ல செத்தவன் பேரை அடிச்சிட்டு எம் பேரை எழுதுனாக, நீங்க அடிக்க மட்டுந்தான் செய்வீகளாம்மா?"

எட்டு நாள்

எரியோட்டுக் கணக்கை ஆறு மணிக்கு மூடினேன்.

அடுத்த மாதம் என் முறை வந்தது. அமலனின் விவசாய விளையாட்டுக்கான சர்வரை மாசக் கடைசியில் நிறுத்தப்போவதாகக் கம்பெனி அறிவித்தது. நிறுத்திய பிறகு யாராலும் அதைத் திறக்க முடியாது. வாங்கியவர்களுக்கு ஒரு சலுகை உண்டு: நெட் இல்லாமலே ஓடுகிற ஒரு பிரதியை இறக்கிக்கொள்ளலாம், தோட்டம், மாடு எல்லாம் அப்படியே இருக்கும். நிபந்தனை ஒன்றே ஒன்று. வாங்கியவரே போனில் பேசி உறுதி செய்ய வேண்டும். இதை நானே பத்துப் பதினைந்து பேருக்குச் செய்து கொடுத்தேன். எங்கள் சொந்த வீட்டு ஆட்களின் கணக்கை மட்டும் நாங்கள் தொடக் கூடாது. தொட்டால் யார் பெயரில் தொட்டோம் என்று அங்கேயே பதிவாகிவிடும்.

ஒரு வாரம் யோசித்துவிட்டு, மாட்டுக்குத் தீனி வைத்த கையோடு, அமலனின் போனிலிருந்து எங்கள் நம்பருக்கே கூப்பிட்டேன். ஒன்றை அழுத்தினேன், இரண்டை அழுத்தினேன், பாட்டுக் கேட்டேன். எடுத்தது கார்த்திகா. புதிதாகச் சேர்ந்த பெண். பயிற்சிக்காக ஒரு வாரம் என் பேச்சுகளைக் கேட்டவள். முகம் தெரியாது. நான் குரலைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டேன். அது பலித்ததா என்று எனக்குத் தெரியாது. நான் எழுதிய வாசகத்தை எனக்கே ஒரு எழுத்துப் பிசகாமல் படித்தாள். எழுதும்போது இவ்வளவு மோசமாகத் தெரியவில்லை. பிறகு, "அக்கவுண்ட் அமலன் சார் பேர்ல இருக்கு மேடம், சார்கிட்ட போனைக் குடுக்கறீங்களா?" என்றாள்.

அவர் போய்விட்டார் என்று பேங்கில் சொல்லியிருக்கிறேன், மில்லில் சொல்லியிருக்கிறேன், கோவில் ஆபீசில் ஃபாதரிடம் சொல்லியிருக்கிறேன். எங்கேயும் வாக்கியம் பாதியில் நின்றதில்லை. எரியோட்டுக்காரர் மாதிரி ஒரே மூச்சில் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். "அவரு..." என்பதற்கு மேல் வரவில்லை. எனக்குப் பின்னால் கம்ப்யூட்டரில் அந்தச் செவலை மாடு அசைபோட்டுக்கொண்டிருந்தது. நான் வாக்கியத்தை முடிப்பதற்குள் கார்த்திகா குறுக்கே பாய்ந்தாள். பயிற்சிப் புத்தகத்தில் எங்கேயும் இல்லாத பாடம், என்னிடம் கேட்டுக் கற்றது: "வெளிய போயிருக்காரா மேடம்? பரவால்ல, இன்னும் எட்டு நாள் இருக்கு, சார் வந்ததும் ஒரு போன் பண்ணச் சொல்லுங்க."

நான்கு வருடமாக நான் தாராளமாக வழங்கிவந்த சலுகை எப்படிப்பட்டது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது: எட்டு நாளைக்கு மாடு எங்களுடையது, அவர் மட்டும் இன்னும் வெளியே போயிருக்கிறார்.