மாலையோடு வந்த காய்ச்சல்

போன ஆவணி மாதப் பூஜைக்கு மலைக்குப் போய்வந்த என் வீட்டுக்காரர் காய்ச்சலில் பாயோடு பாயாகக் கிடந்தார். ஒட்டி ஒட்டி வரிசை வீடுகள் இருக்கிற எங்கள் சாலில் ஒரு ஆள்கூட வாசலுக்கு வரவில்லை. இனி அவர் பிழைக்கமாட்டார் என்றுதான் நினைத்தேன். பிழைத்தார். அதை உள்ளபடி எழுதுகிறேன். நான் எட்டாவது வரைதான் படித்தவள், தப்பிருந்தால் படிக்கிற சாமிமார்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அவருக்குத் தாராவியில் தோல் பை தைக்கிற கார்கானாவில் வேலை. மாலை போட்டுவிட்ட குருசாமி, மலையிறங்கியதும் தங்கை மகள் கல்யாணத்துக்காகத் திருநெல்வேலிப் பக்கம் போய்விட்டார். போட்ட கைதான் மாலையைக் கழற்ற வேண்டும், இல்லையென்றால் பெற்ற தாய் கழற்றலாம். என் மாமியார் காலமாகிவிட்டார். அதனால் குருசாமி திரும்பும்வரை மாலை கழுத்திலேயே இருக்கட்டும் என்று இவர் சொல்லிவிட்டார். மாலை இருந்தால் விரதமும் உண்டு. பச்சைத் தண்ணீர்க் குளியல், தரையில் படுக்கை, காலில் செருப்பு கிடையாது. வெளியே விடாத மழை. கட்டர்ச் சாக்கடை எது, ரோடு எது என்று தெரியாத தண்ணீரில் நடந்து வேலைக்குப் போய்வந்தார்.

அப்போதுதான் எல்லோர் போனிலும் அந்தச் செய்தி வந்தது. கேரளாவில் புது வைரஸாம். வௌவாலிலிருந்து வருகிறதாம். தொட்டால் ஒட்டுமாம், மூச்சில் ஒட்டுமாம், பழத்தில் ஒட்டுமாம். ஒவ்வொரு போனும் ஒவ்வொன்று சொன்னது. இவருக்கும் அந்த வாரமே காய்ச்சல் கண்டது.

குழாயடியில் பக்கத்து வீட்டு பாக்கியத்தக்கா கேட்டாள். “ஏ செல்வி, ஒங்க வீட்டுக்காரவ கேரளாவுலேருந்துதான வந்தாவ?”

“மலைக்குப் போய்ட்டு வந்தாவக்கா.”

“மலை என்ன இந்தா பக்கத்து மாட்டுங்காவுலயா இருக்கு?” என்று பின்னால் ஒருத்தி சொல்ல, வரிசையே சிரித்தது.

“குடத்த அங்கன தள்ளி வையி பிள்ள. நாங்க பிடிச்ச பொறவு நீ பிடிச்சுக்க,” என்றாள் பாக்கியத்தக்கா.

திரும்பி வரும்போது குப்பை மேட்டைப் பார்த்தேன். நான் வீடு வீடாகக் கொடுத்த அரவணைப் பாயச டின்கள், மூடிகூடத் திறக்காமல் கிடந்தன. வௌவால் கடித்த பழத்தைப் போட்டுத்தான் அதைக் கிண்டுகிறார்கள் என்று யாரோ சொன்னார்களாம். சாமி பிரசாதத்தைப் போய்க் குப்பையில் போடுவார்களா?

அதன்பிறகு எனக்கும் யாரைப் பார்த்தாலும் சந்தேகம். யாராவது போனைத் தூக்கினால் எங்கள் வாசலைத்தான் வீடியோ எடுக்கிறார்கள் என்று தோன்றும். ஜன்னலைச் சாத்தினேன். அவர் இருமினால் டிவி சத்தத்தைக் கூட்டினேன். ஆஸ்பத்திரி என்றாலே நடுக்கம். கொரோனா சமயத்தில் எதிர்வீட்டு மாமாவை ஆம்புலன்ஸில் ஏற்றியதுதான் தெரியும், பிறகு முகத்தைக்கூடக் காட்டவில்லை. இவரையும் அப்படிக் கொண்டுபோய்விட்டால்?

காய்ச்சல் இறங்கவில்லை. கெண்டைக்காலைத் தொட்டாலே கத்தினார். கண் முதலில் சிவந்தது, பிறகு மஞ்சளானது. மூத்திரம் சரியாகப் போகவில்லை. பயந்துபோய் டாக்ஸி கூப்பிட்டேன். டிரைவர் கருப்பு வேட்டியையும் மாலையையும் பார்த்தான், கூடி நின்றவர்களைப் பார்த்தான், வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

விளக்குக்கு முன்னால் விழுந்தேன். “ஐயப்பா, ஒரு ஆளை அனுப்பு. யாராவது ஒரு ஆளை அனுப்பு. உன் மாலை கழுத்தில் இருக்கும்போதே இவரை விட்டுவிடாதே.” வேறு எதுவும் கேட்கத் தெரியவில்லை.

மறுநாள் காலை கதவு தட்டும் சத்தம். இடுக்கு வழியே பார்த்தால், தலை முதல் கால்வரை மூடிய உடுப்பில் முனிசிபாலிட்டி ஆட்கள். முகமே தெரியவில்லை. இது சாமி அனுப்பின ஆளா, எமன் அனுப்பின ஆளா? தாழ்ப்பாளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“யாரு ஒங்கள வரச் சொன்னது?” என்று உள்ளிருந்தே கேட்டேன்.

“நாந்தாம்ட்டி,” என்றது பாக்கியத்தக்கா குரல். “நாந்தான் போன் போட்டேன். கதவத் தொற.”

“நெனச்சேன். நீங்களாத்தான் இருக்கும்னு நெனச்சேன்.”

“நெனச்சிக்க. எம் பேரப்பிள்ளைக்கு ஒட்டிரப்படாதுன்னு பயந்துதான் போட்டேன், இல்லங்கல. ஆனா ராத்திரி பூரா அவரு மொனங்குத சத்தம் சுவரு வழியா கேக்கு. நாங்க மனுசங்க இல்லையா? புருசன உள்ள வச்சுக் கொன்னுராத, தொறட்டி.”

யாராவது ஒரு ஆள் என்றுதானே கேட்டிருந்தேன். இன்ன ஆள் என்று சொல்லவில்லையே. தாழ்ப்பாளை எடுத்தேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் அவரைத் தனி அறையில் வைத்துவிட்டு என்னை வராந்தாவில் நிறுத்தினார்கள். இளவயதுப் பெண் டாக்டர் ஒருவர் இந்தியில் கேட்டுக்கொண்டே இருந்தார். என்ன பழம் சாப்பிட்டார், வௌவால் இருக்கும் இடத்தில் தங்கினாரா, கூடப் போனவர்களுக்குக் காய்ச்சல் உண்டா. சாம்பிள் வெளியூருக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். எனக்கு எதிலும் நம்பிக்கை வரவில்லை. எதையோ மறைக்கிறார்கள் என்றே தோன்றியது.

சாயங்காலம் டாக்டர் வெளியே வந்தார். கிட்னி வேலை செய்யவில்லை, கழுத்தில் குழாய் போட்டு ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும், மாலையை எடுக்க வேண்டும், அவர் பிடித்த பிடியை விடமாட்டேன் என்கிறார். “வெட்டவா, நீங்கள் கழற்றுகிறீர்களா?” என்று கேட்டார்.

குருசாமிக்குப் போன் செய்தேன்.

“ஏத்தா, அழாம கேளு,” என்றார். “பெத்த தாய் இல்ல, சரி. சோறு போட்டு, காய்ச்சல்ல தலமாட்டுல உக்காந்து பாத்தவ நீதான? நீயே கழத்து. பாவம்னு ஒண்ணு வந்தா அது ஏங் கணக்குல வரட்டும்.”

உடுப்பும் மாஸ்க்கும் மாட்டி என்னை உள்ளே விட்டார்கள். மாலையைக் கழற்றும்முன் மாலை போட்டிருக்கிற சாமியின் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும். அது எங்கள் வழக்கம். அதுவரை எல்லோரும் அவர் மூச்சையும் ரத்தத்தையும்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கால்மாட்டுக்குப் போய்ப் போர்வையை விலக்கிக் குனிந்தேன். பாதம் முழுக்கக் கீறலும் வெடிப்பும். தண்ணீரில் ஊறி வெளுத்துப் பிளந்திருந்தது.

“காலில் என்ன இது?” என்று டாக்டர் கிட்டே வந்தார்.

“மால போட்டா செப்பல் போட மாட்டாங்க டாக்டர்,” என்று தெரிந்த இந்தியில் சொன்னேன்.

“மழைத் தண்ணியிலயுமா? கட்டர் தண்ணியிலயுமா?”

“ஆமா. தெனமும்.”

டாக்டர் குனிந்து அந்த வெடிப்புகளைப் பார்த்தார். பிறகு நர்ஸிடம் ஏதோ ஊசி மருந்தின் பெயரைச் சொன்னார். சாம்பிள் முடிவு வரட்டும், அதற்காகக் காத்திருக்க வேண்டாம், இப்போதே போடுங்கள் என்றார். எலி மூத்திரம் கலந்த தண்ணீர் கால் புண் வழியாக ஏறியிருக்கும் என்று என்னிடம் சொன்னார். மாலையைப் பிடித்திருந்த என் வீட்டுக்காரர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். சரணம் சொல்லிக்கொண்டே மாலையைக் கழற்றினேன்.

மறுநாள் மூத்திரப் பையில் தண்ணீர் இறங்கியது. ஒரு பொம்பளை அதைப் பார்த்து அழுதிருப்பாளா? நான் அழுதேன். அப்புறம் வெளியூரிலிருந்து முடிவு வந்தது. கேரளாவும் இல்லை, வௌவாலும் இல்லை. எங்கள் சந்துத் தண்ணீர்தான்.

சால் முழுக்க உடனே மாறிவிட்டது என்று பொய் எழுத மாட்டேன். அவரை வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று, “ரிப்போர்ட்ட காட்டுட்டி,” என்று பாக்கியத்தக்கா கேட்டு வாங்கினாள். தெரியாத இங்கிலீஷை மேலும் கீழும் பார்த்துவிட்டுத்தான் கஞ்சிக் கிண்ணத்தை உள்ளே கொண்டுவந்து வைத்தாள். எங்கள் கூட்டத்தில் இப்போது மழைக்காலத்தில் மாலை போடுகிறவர்கள் செருப்புப் போட வேண்டும் என்று குருசாமியே சொல்லிவிட்டார். ஐயப்பன் காலைக் கேட்கவில்லை, மனசைத்தான் கேட்கிறான் என்றார்.

சாமிமார்களே, மாளிகைப்புர அம்மாமார்களே, நாளைக்கு இன்னொரு புது வியாதியின் பெயர் போனில் வரும். பயம் வரும், பக்கத்து வீட்டுக்காரன்மேல் சந்தேகமும் வரும். எனக்கு இன்றும் வருகிறது. அப்போது சரணம் சொல்லுங்கள், சொல்லிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு நடங்கள். கேட்ட உதவியை அவன் அனுப்புவான். எந்த உடுப்பில், யார் வாயால் அனுப்புவான் என்பதை மட்டும் அவனிடமே விட்டுவிடுங்கள்.