சால்வையோடு வந்த சங்கம்

இன்னிக்கு லேக் மார்க்கெட்ல காபிப்பொடி வாங்கிட்டு நிக்கிறேன். "தாதா!"ன்னு, அதான் வங்காளியில அண்ணேன்னு, கூப்பிட்டுக்கிட்டே ஒருத்தர் வந்து கையைப் பிடிச்சுக்கிட்டார்.

ஓய்வுபெற்ற கால்பந்து வீரர்களுக்குப் புதுசா சங்கம் ஆரம்பிச்சிருக்காராம். ஞாயித்துக்கிழமை மேடையில எனக்குச் சால்வை போடணுமாம்.

"பென்ஷன், வைத்தியச் செலவெல்லாம்?"

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம் தாதா. முதல்ல சேருங்க. உங்க டீம் கோல்கீப்பர் பாபுனே சேர்ந்துட்டார்."

பாபுனா? அவன் லேசுல யாரையும் நம்ப மாட்டானே!

அந்த ஆள் போனதும் பாபுனுக்குப் போன் போட்டேன்.

"நீ சேர்ந்துட்டதா அந்த ஆள் சொன்னதாலதான்டா நான் சேர்ந்தேன்!"ன்னு கத்துறான்.

என் அலமாரி நிறைய சால்வை இருக்கு. ஆபரேஷனுக்கு வழியில்லாம முட்டிதான் மடங்க மாட்டேங்குது.

கூட ஆடினவங்களே, உங்ககிட்ட யார் பேரைச் சொன்னார்?