குரல் உடையாத பாட்டு

"ரயில் வந்திருச்சு. இனி அம்மாக்காரி சாகணும். அப்புறம் மழை பெய்யணும்" என்பார் என் வீட்டுக்காரர். எதிரே கிராமபோனில் இசைத்தட்டு சுற்றிக்கொண்டிருக்கும். அவர் சொன்னபடியே அடுத்த அடியில் அம்மா இறந்துபோவாள், அதற்கடுத்த அடியில் மழை கொட்டும். பாடுகிறவனின் குரல் சரியாக அந்த இடத்தில் விம்மும். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. அவர் சொல்லச் சொல்லக் கேட்டு, வயிறு வலிக்கச் சிரிப்பேன். ஐம்பதுகளின் கடைசி அது. கொடைக்கானல் மலையில் இருக்கும் பண்ணைக்காட்டில், ஒரு காப்பித் தோட்டத்தில் அவர் ஜீப் ஓட்டினார். தோட்டத்து வீடு ஒன்றில் நாங்கள் புதிதாகக் குடித்தனம் வைத்திருந்தோம்.

அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டுக்கும் பண்ணைக்காட்டு டிரைவருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பார்கள். கல்யாணத்துக்கு முன் அவர் கொடைக்கானலில் ஓர் அமெரிக்கப் பாதிரியாருக்குக் கார் ஓட்டியவர். பாதிரியாரும் அவர்கள் நாட்டில் ஏதோ ஒரு மலைக்காட்டுக்காரர்தான். சாயங்காலமானால் பூட்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு கிடாரை எடுத்துக்கொள்வாராம். இவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டே விரல் பழகிவிட்டார். பாதிரியார் ஊருக்கே திரும்பிப் போனபோது கிடாரையும் கிராமபோனையும் ஒரு பெட்டி இசைத்தட்டுகளையும் இவரிடம் விட்டுவிட்டுப் போனார்.

அந்தப் பெட்டியில் இருந்தவற்றில் பெரும்பாலானவை ரயில் பாட்டும் மழைப் பாட்டும்தான். ஒன்றுக்கு மட்டும் அவர் சிரிக்க மாட்டார். அதில் ஒருவன் தன் வீட்டுக் கதவைப் பற்றிப் பாடுவான். கீல் துருப்பிடித்துக் கத்துகிறது, எண்ணெய் போடுகிறேன் என்று பாட்டு முழுக்க அதே பேச்சு. கடைசியில், எண்ணெய் போட்டுவிட்டேனே, இனி அவள் திரும்பி வந்தாலும் எனக்குச் சத்தம் கேட்காதே என்பான். அத்தோடு பாட்டு நின்றுவிடும்.

"பாத்தியா புள்ள, இவன் அழுகல. நம்மள அழ வைக்கணும்னும் நெனைக்கல. கதவுக்கு எண்ணெ போடுறான், அம்புட்டுத்தான்" என்று அவர் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மற்றப் பாட்டுக்காரன், கண்ணீரை முதலிலேயே முடிவு செய்துகொண்டு அதற்கு ஒரு ரயிலைத் தேடுகிறான். இவனுக்குக் கதவுதான் முதலில். இன்று இதை இப்படி விளக்கிச் சொல்ல எனக்குத் தெரிகிறது. அன்றைக்கு, பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

எங்கள் பாப்பாவுக்கு ஐந்து வயது இருக்கும்போது தொண்டை அடைப்பான் வந்தது. காய்ச்சல்தானே என்று தோட்டத்து மருந்தைக் கொடுத்திருந்தோம். மறுநாள் மத்தியானம் மூச்சு விட முடியாமல் கழுத்து வீங்கிவிட்டது. ஜீப்பில் போட்டுக்கொண்டு கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். வழியெல்லாம் மூடுபனி. கண்ணாடி துடைக்கும் வைப்பர் வேலை செய்யவில்லை. அவர் ஒரு கையை வெளியே நீட்டித் துணியால் துடைத்தபடியே ஓட்டினார். போர்வைக்குள் என் மடியில் கிடந்தவள் கரகரத்த குரலில் "வந்திருச்சாப்பா?" என்று கேட்டாள். "அடுத்த வளைவுதான் தாயி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டாள். "அடுத்த வளைவுதான் தாயி." பெருமாள் மலைப் பக்கம் வாழைத்தார் ஏற்றிய லாரி ஒன்று வழி விடாமல் நின்றது. அப்போதும் கேட்டாள், அப்போதும் அதே பதில். ஆஸ்பத்திரி வாசலில் ஜீப் நின்றபோது அவள் கேட்கவில்லை.

அதன் பிறகு அவரால் அந்தச் சாலையில் வண்டி ஓட்ட முடியவில்லை. தோட்டத்து வேலையை விட்டுவிட்டுக் கொடைக்கானலுக்கே வந்து சேர்ந்தோம். ஏரிப் பக்கம் ஒரு ஓட்டலில் சாமான் அறையைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. கிடார் தெரியும் என்று அறிந்ததும், சீசனில் சாயங்காலம் சாப்பாட்டு அறையில் பாடச் சொன்னார் மேனேஜர். கட்டம் போட்ட சட்டையும் அகலத் தொப்பியும் தந்தார்கள். எந்தப் பாட்டுகளைக் கேட்டு நாங்கள் சிரித்தோமோ அவற்றையே அவர் பாடினார். ரயில் வரும் இடத்தில் ரயில், விம்மும் இடத்தில் விம்மல். வீட்டுக்கு வந்தால் பேச்சே இல்லை. பாப்பாவைப் புதைத்த அன்றும் அவர் அழவில்லை. பிறகு ஒரு தரம்கூட அவளைப் பற்றிப் பேசவில்லை. பேசினால் மனுஷன் உடைந்துவிடுவாரோ என்று நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஒரே அறையில் இரண்டு பேரும் தனித்தனியாக இருந்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். சன்னல் பக்கம் உட்கார்ந்து கிடாரைத் தட்டிக்கொண்டிருந்தவர் திடீரென்று தமிழில் பாடினார்.

போர்வைக்குள்ள புள்ள கெடக்கு
வெளிய மூடுபனி கெடக்கு
வந்திருச்சாப்பான்னு கேக்குறா
அடுத்த வளைவுதான் தாயி

துணியால் கண்ணாடி துடைத்தது வந்தது, வாழைத்தார் லாரி வந்தது. கடைசி அடி, "வாசல் வந்து நிக்கிறேன், யாரும் ஒண்ணும் கேக்கல" என்று முடிந்தது. ஐயோ என்றோ தெய்வமே என்றோ ஒரு சொல் கிடையாது. பூண்டுக் கையோடு முகத்தைப் பொத்திக்கொண்டேன். அவர் என்னைப் பார்க்காமல், "சரியா இருக்கா?" என்றார். "அப்பிடித்தாங்க இருந்துச்சு" என்றேன். அன்றுதான் பாப்பா மறுபடி எங்கள் பேச்சுக்குள் வந்தாள்.

அடுத்த சீசனில், சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பம் தமிழ்ப் பாட்டு ஏதாவது பாடச் சொல்லி வற்புறுத்தியிருக்கிறது. வேறு எதுவும் வாயில் வராமல் அதைப் பாடிவிட்டார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டார்களாம். மறுநாளும் அதையே கேட்டார்கள். மேனேஜர் நல்ல மனிதர்தான். அவர் ஒரு யோசனை சொன்னார். "அந்த வளைவு வர்ற எடத்துல குரலைக் கொஞ்சம் உடைச்சுப் பாடுங்க, லேடீஸ்க்கு ரொம்பப் பிடிக்கும்." முதலில் மாட்டேன் என்றவர், பிறகு எப்போதோ செய்யத் தொடங்கினார்.

ஒருநாள் சாயங்காலம் நான் போய் சாப்பாட்டு அறைக் கதவோரம் நின்று கேட்டேன். தொப்பி போட்டிருந்தார். "அடுத்த வளைவுதான்" வரை வந்து நிறுத்தி, ஒரு விம்மல் விம்மி, "தாயி" என்றார். கைதட்டினார்கள். என் பிள்ளை கேட்ட கேள்விக்குக் கைதட்டினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன்: "நீங்க அன்னைக்கு அப்பிடிச் சொல்லலங்க. உங்க கொரல் ஒடையவே இல்ல. ஒடைஞ்சா புள்ள பயந்துருவான்னு கெட்டியாச் சொன்னீங்க. நான் பக்கத்துலதான இருந்தேன்."

அவர் கிடாரை எடுத்தார். முதல் மூன்று அடியும் பழையபடி வந்தன. நான்காவதில் குரல் தானாகவே விம்மியது. திரும்பப் பாடினார், திரும்பவும் விம்மியது. தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொரு தரம் பாடினார். பழகிய இடம், குரல் அங்கே போய் விழுந்தது.

"வர மாட்டேங்குது புள்ள" என்றார். "எங்கிட்ட இருந்து போயிருச்சு."

எனக்குப் பாட வராது. கோயிலில்கூட வாயை மட்டும் அசைப்பவள் நான். என்றாலும் அன்றைக்கு நான் பாடினேன். சுதியும் இல்லை, தாளமும் இல்லை. பேசுவதுபோலத்தான் ஒவ்வொரு அடியாகச் சொல்லிக்கொண்டு போனேன். "அடுத்த வளைவுதான் தாயி" வந்தபோது, அவர் அன்றைக்குச் சொன்ன அதே மாதிரி, கெட்டியாகச் சொன்னேன். யாரும் ஒண்ணும் கேக்கல என்பது வரை முடித்தேன்.

அவர் சுவரில் தலையைச் சாய்த்து அழுதார். ஓட்டலில் கேட்ட அழுகை இல்லை அது. மூக்கு ஒழுக, மூச்சு முட்ட, பார்க்கவே சகிக்காத அழுகை. பாப்பா போன பிறகு அவர் முதன்முதலாக அழுதது அன்றைக்குத்தான்.

அதன் பிறகு அந்தப் பாட்டை அவர் ஓட்டலில் பாடவில்லை. யார் கேட்டாலும் மறந்துவிட்டது என்று சொல்லிவிட்டு, ரயில் பாட்டையும் மழைப் பாட்டையும் பாடினார். இப்போது அவரும் இல்லை. டெலிவிஷன் பாட்டுப் போட்டிகளில் சின்னப் பிள்ளைகள்கூட சரியான இடத்தில் விம்முகிறார்கள், நடுவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். நல்ல பிள்ளைகள்தான். நான் குறை சொல்லவில்லை. அவர் பாட்டு இப்போது என் ஒருத்தியிடம் மட்டும் இருக்கிறது. என் குரலும் வயதாகி நடுங்கத் தொடங்கிவிட்டதால், நான் அதை வாய்விட்டுப் பாடுவதில்லை.