பாவிக்காத டயர்

போன வருடம், மடு மாதா கோயில் ஆவணித் திருவிழாவுக்கு இன்னும் மூன்று கிழமை இருந்தபோது, மறிச்சுக்கட்டியில் நடந்தது இது. நான் மன்னார் தீவில் ஒரு அரசாங்கக் களஞ்சியத்தில் பொருட்களைப் பொறுப்பெடுக்கிற வேலை பார்ப்பவன். முத்திரை உடையாமல் வந்த பெட்டியைக்கூடத் திறந்து எண்ணிப் பார்க்காமல் கையெழுத்து வைக்க மாட்டேன். வீட்டிலும் அதே குணம்தான். சந்தையில் மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்ப்பேன், வீட்டுக்கு வந்து இன்னொரு தடவையும் பார்ப்பேன். "கோயில்ல நற்கருணை வாங்கேக்கையும் முன்பக்கம் பின்பக்கம் திருப்பிப் பாக்கிற ஆள் நீங்கள்" என்று மனைவி பகிடி பண்ணுவாள்.

அப்படிப்பட்ட நான் கண்மூடித்தனமாக நேசித்த ஒரே பொருள் ஒரு பழைய மோட்டார் சைக்கிள். அறுபதுகளில் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த வகை, இரண்டும் கம்பிச் சில்லு. நாலு வருடத்துக்கு முன் வெள்ளாங்குளத்தில் ஒருவரிடம் வாங்கினேன். கோழி அடைகிற கொட்டிலில் கிடந்ததைத் தூக்கி வந்து, சம்பளத்தில் மிஞ்சியதையெல்லாம் அதற்குள் போட்டு, ஒவ்வொரு கம்பியாகத் துரு போக்கி மினுக்கினேன். மனைவியைப் பின்னால் இருத்திக்கொண்டு அதில் மடுவுக்குப் போவதுதான் என் ஆசை. டயர்கள் மட்டும்தான் குறை. ஓரமெல்லாம் வெடித்து, காற்றடித்தால் இரண்டு நாள்கூடத் தாங்காது.

டவுனில் கடை கடையாக ஏறினேன். முதல் கடைக்காரர் டியூப் இல்லாமல் ஓடுகிற டயரைக் காட்டினார். கம்பிச் சில்லில் ஒவ்வொரு கம்பியும் ரிம்மைத் துளைத்துக்கொண்டு நிற்கிறது, டியூப் இல்லாமல் காற்று எங்கே நிற்கும் என்று கேட்டேன். அவர் போனைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். அடுத்தவர் ஒரு அளவு சின்னதை எடுத்து வைத்து, "பூட்டினா இருந்திடும்" என்றார். கதிரைக்கு நாலாவது கால் கட்டையாக இருந்தாலும் இருக்கத்தான் செய்யும், இருப்பவன்தான் விழுவான். மூன்றாவது கடையில் அளவு சரியாக இருந்தது. நகத்தால் சுரண்டினேன், கறுப்பு மை விரலோடு வந்தது. ஊரில் இருக்கிற டயர்க் கடையெல்லாம் என்னை ஏமாற்றவே திறந்து வைத்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன்.

கடைசியில் பேஸ்புக்கில், பழைய மோட்டார் சைக்கிள் பிரியர்களின் குழுவொன்றில், படத்தையும் சில்லின் அளவையும் போட்டு டயர் கேட்டேன். மறுநாள் மறிச்சுக்கட்டியிலிருந்து ஒருவர் அழைத்தார்.

"பாவிக்காத டயர் ரெண்டு இருக்கு அண்ணன். உங்கட அளவுதான். காசு வேணாம். ஆனா மோட்டசைக்கிளையும் கொண்டு வாங்கோ."

எந்த வருடத்து டயர் என்று கேட்டேன். நேரில் பார்த்தால் தெரியும்தானே என்றார். ஏன் சும்மா தருகிறீர்கள் என்று கேட்டேன். அதற்கும் நேரில் சொல்கிறேன் என்றார். போனை வைத்ததும் எனக்குத் தலை சுற்றியது. டயர் இல்லாதவனிடம் மோட்டார் சைக்கிளைக் கொண்டு வா என்கிறார். அதுவும் வில்பத்துக் காட்டின் ஓரத்துக்கு. பெயரைக் கேட்டதும் முஸ்லிம் ஆள் என்று தெரிந்தது. அதனாலும் என் சந்தேகம் ஒரு பிடி கூடியது என்பதை மறைக்க விரும்பவில்லை. எங்கள் இரண்டு சனமும் சந்தையில் சிரித்துப் பேசிக்கொள்வோம், வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு வேறு கதை பேசுவோம்.

மனைவி போக வேண்டாம் என்றாள். ஆனால் சரியான அளவு என்ற சொல் என்னை விடவில்லை. மீன் லொறி வைத்திருக்கிற அவளுடைய தம்பியைத் துணைக்குப் பிடித்தேன். மோட்டார் சைக்கிளை லொறியில் ஏற்றி, ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில் கயிற்றால் இறுக்கிக் கட்டினோம். மச்சான் ஜாக் கம்பியைத் தன் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டான். அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி என்று ஒவ்வொரு ஊரும் கழியக் கழிய, வழியில் வீடுகள் குறைந்து பற்றைகள் கூடின. கொண்டச்சி தாண்டியதும் போனில் சிக்னலும் போய்விட்டது.

அவர் வாசலுக்கே வந்து நின்றார். வயது என்னுடையதுதான் இருக்கும். பூச்சுப் பூசாத கல்வீடு. பெண்சாதி பிளேன்டீ கொண்டு வந்து வைத்தார். வீட்டுக்காரர் தன் கோப்பையில் வாய் வைக்கும் வரை நான் என்னுடையதைத் தொடவில்லை. மச்சான் ஒரே இழுப்பில் குடித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான்.

மோட்டார் சைக்கிளை இறக்கியதும் அந்த மனிதர் செய்த வேலைதான் எனக்குப் பிடிக்கவில்லை. யார் பார்த்தாலும் முதலில் டாங்கியைத் தடவுவார்கள், இஞ்சினைக் குனிந்து பார்ப்பார்கள். இவர் நேரே பின் சில்லுக்கு முன்னால் குந்தியிருந்து, விரலால் ரிம்மைத் தட்டி, "இது முந்தின ரிம்தானோ, மாத்தினதோ?" என்று கேட்டார். முந்தினதுதான், கம்பெனி முத்திரை இருக்கு என்றேன். பழைய ரிம்முக்குக் கொழும்பில் நல்ல விலை என்று எனக்குத் தெரியும். ஆள் டயரைக் காட்டி ரிம்மைக் கழற்றப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

"முதல் டயரைக் காட்டுங்கோ நானா" என்றேன், முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுகிற முறையில்.

உள்ளே போய், சாரத் துணியில் சுற்றிய இரண்டு டயரைத் தூக்கி வந்தார். அளவை வாசித்தேன், அச்சொட்டாக என் அளவு. புது டயரில் முள்முள்ளாக நிற்குமே சின்னச் சின்ன ரப்பர் முடிகள், அவை அப்படியே நின்றன. ரோட்டைத் தொடாத டயர்தான், சந்தேகமில்லை. மனம் துள்ளியது. அடுத்ததாக இரண்டு கையாலும் ஓரத்தை மடக்கிப் பார்த்தேன். வெயிலில் கிடந்த கருவாட்டுத் தோல் போல மொறுமொறு என்று பிளந்தது. குறைந்தது முப்பது வருடப் பழசு.

எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. "இதையோ புதுசு எண்டு சொன்னனீங்கள்? இதில ரெண்டு பேர் ஏறினா வெடிச்சுச் சாவம்!" என்று கத்தினேன். மச்சான் மெல்ல லொறிப் பக்கம் நகர்ந்தான்.

"புதுசு எண்டு நான் சொல்லேல்லை அண்ணன். பாவிக்காதது எண்டுதான் சொன்னனான்" என்றார் அவர். குரல் உயரவில்லை. "கோவிக்காதீங்கோ. வராமல் விட்டிடுவீங்கள் எண்டுதான் போனில சொல்லேல்லை. ஒரே ஒரு உதவி. அந்தப் பின் டயரைக் கழட்டி ரிம்முக்கு உள்பக்கம் ஒருக்காப் பாக்கோணும்."

பிறகு அவர் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவர்களுடைய வீடு முன்பு மன்னார் தீவில் இருந்தது. தொண்ணூறாம் ஆண்டு தமிழ் இயக்கக்காரர் முஸ்லிம் சனங்கள் எல்லோரையும் ஊரை விட்டுப் போகச் சொன்னபோது, கையில் அகப்பட்டதோடு வள்ளம் ஏறிக் கற்பிட்டிக்குப் போனார்கள். அவருடைய வாப்பாவின் மோட்டார் சைக்கிள் முற்றத்தில் நின்றது. இதே வகை, இதே நிறம். சாவியை நிலைக்கு மேல் வைத்துவிட்டுப் போனாராம், மழை வந்தால் யாராவது உள்ளே தள்ளி விடட்டும் என்று. புத்தளத்தில் ஓலைக் கொட்டில் முகாமில் இருந்துகொண்டு, கூலி வேலைக்குப் போன காசில் வாப்பா முதலில் வாங்கியது இந்த இரண்டு டயரும்தானாம். இன்னும் ஒரு மாதத்தில் ஊருக்குப் போய்விடுவோம், நின்ற இடத்திலேயே நின்று டயர் பழுதாகியிருக்கும் என்றாராம். உம்மா சண்டை பிடித்து அழுதிருக்கிறார். வாப்பா முகாமிலேயே மௌத்தானார். டயர்கள் மட்டும் மகனோடு திரும்பி வந்தன.

"எங்கட ரிம் கம்பி ஓட்டைக்குக் கிட்ட வெடிச்சிருந்தது. வாப்பா உள்ளுக்குப் பித்தளையால மூண்டு பொட்டு வச்சு ஒட்டினவர். நான்தான் ரிம்மைப் பிடிச்சுக்கொண்டிருந்தனான். வெளியில தெரியாது, டயரைக் கழட்டினாத்தான் தெரியும்."

அந்த ஆண்டு நானும் அவரைப் போலப் பள்ளிக்கூடப் பையன்தான். வகுப்பில் ஒரு காலை திடீரென்று, பிள்ளைகள் இருக்கிற வாங்குகளில் பாதி வெறுமையாக இருந்தது ஞாபகம் இருக்கிறது. அதை அன்று வரை நான் யாரோடும் பேசியதில்லை.

மச்சான் என் காதுக்குள் வந்து, "ஏத்துவம் அத்தான், போவம்" என்றான். எனக்கும் போய்விடத்தான் தோன்றியது. நாலு வருட உழைப்பு. திருவிழாவுக்கு மூன்று கிழமை. மோட்டார் சைக்கிளின் பதிவுப் புத்தகம் என் பெயரில் இருக்கிறது, சட்டப்படி என்னுடையது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். ஆனால் மாட்டேன் என்று சொன்னால், அது அவர்களுடையதென்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அதற்குப் பிறகு அதில் எப்படி ஏறுவது? சரி, கழற்றுங்கோ என்றேன்.

அவர் சில்லைக் கழற்றிச் சாக்கில் படுக்கப் போட்டார். இரண்டு நெம்பு தகட்டால் டயரைக் கிளப்பி, டியூபை உருவி எடுத்தார். கம்பி முனைகள் டியூபைக் குத்தாமல் இருக்க உள்ளே ஒரு ரப்பர் பட்டி சுற்றியிருக்கும், அதையும் உரித்தார். பிறகு விரலை ரிம்முக்குள் வைத்து, ஒவ்வொரு கம்பி ஓட்டையாகத் தடவிக்கொண்டே போனார். நான் அந்தோனியாரை வேண்டினேன். தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருகிற புனிதரிடம், ஐயா இதைக் கண்டுபிடிக்க விடாதேயும் என்று மன்றாடிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

விரல் ஒரு முழுச் சுற்று வந்தது. போதாதென்று அரத்தாளால் துருவைத் தேய்த்து இன்னொரு சுற்றும் பார்த்தார்.

"இது எங்கட இல்லை."

எனக்கு வந்த சந்தோஷத்தை முகத்தில் காட்டாமல் இருக்க மிகவும் பாடுபட்டேன். அவர் பட்டியைச் சுற்றி, டியூபை வைத்து, டயரைத் திரும்ப ஏற்றினார். எடுத்ததை விடச் சுத்தமாகப் பூட்டித் தந்தார். எனக்குத்தான் வாயை மூடிக்கொண்டு வரத் தெரியவில்லை.

"அந்தப் பொட்டு இருந்திருந்தா என்ன செய்திருப்பீங்கள் நானா?"

"கேக்கிறதுக்கு என்ன இருக்கு அண்ணன்? இந்த டயர் ரெண்டையும் உங்கட கையில தந்திருப்பன். பூட்ட ஏலாது எண்டு தெரியும். சும்மா அதுக்குப் பக்கத்தில வச்சிருங்கோ எண்டு சொல்லியிருப்பன்."

வழக்குப் போடுவார், ஆட்களைக் கூப்பிடுவார், காசு கேட்பார் என்று அவர் ரிம்மைத் தடவும்போது நான் மனதில் கட்டி வைத்த எதிலும் இந்தப் பதில் இல்லை. கிளம்பும்போது, என் அளவு டயர் புத்தளத்தில் எந்தக் கடைக்கு வரும், முன் சில்லுக்கு எந்தப் பூ வெட்டின டயர், பின் சில்லுக்கு எந்தப் பூ வெட்டினது நல்லது என்றெல்லாம் சொல்லித் தந்தார். அடுத்த கிழமை அங்கே ஆள் விட்டு எடுப்பித்தேன். அந்த வருடமே செய்த டயர்கள், குறையொன்றும் இல்லை. பழக்க தோஷத்தில் நகத்தால் சுரண்டியும் பார்த்தேன்.

அவற்றைப் பூட்டியதும் முதல் ஓட்டமாக மடுவுக்கல்ல, வெள்ளாங்குளத்துக்குப் போனேன். மோட்டார் சைக்கிளை எனக்கு விற்றவர் வீட்டில்தான் இருந்தார். இது உங்களிடம் எப்படி வந்தது என்று கேட்டேன். நாலு வருடத்துக்கு முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

"அந்த நேரம் சனம் விட்டிட்டுப் போனது ஒவ்வொரு வளவுக்குள்ளயும் கிடந்ததுதானே. இது அங்க இஞ்ச கைமாறி என்னட்ட வந்தது. ஆருடையது எண்டு ஆர் கேட்டது?" என்றார். கள்ளத்தனமாகச் சொல்லவில்லை, மழை பெய்தது என்பது போலச் சொன்னார்.

நான் கேட்கவில்லை. அதுதான் உண்மை. வாங்கிய அன்று, டாங்கியில் ஓட்டையைப் புட்டி பூசி மறைத்திருக்கிறார்களா என்று அரை மணித்தியாலம் தட்டிப் பார்த்தவன் நான். பதிவுப் புத்தகம் சண்டையில் எரிந்துவிட்டது என்று அவர் சொன்னதை மட்டும் ஒரு சொல் கேட்காமல் நம்பினேன், ஏனென்றால் விலை மலிவாக இருந்தது. பிறகு சத்தியக் கடதாசி முடித்துப் புதுப் புத்தகமும் எடுத்துக்கொண்டேன். டயர்க் கடைக்காரரைச் சந்தேகித்தேன், மறிச்சுக்கட்டியில் வைத்த பிளேன்டீயைச் சந்தேகித்தேன். எனக்கு லாபமாக இருந்த இடத்தில் மட்டும் சந்தேகம் வரவே இல்லை.

திருவிழாவுக்கு மனைவியோடு அதில்தான் போனேன். மடுச் சந்தியில் நிறுத்தியபோது, வயதான ஒருவர் எட்டத்தில் நின்று மோட்டார் சைக்கிளையே பார்த்துக்கொண்டிருந்தார். முந்தின நானென்றால் சாவியை உருவிக்கொண்டு முறைத்திருப்பேன். அன்று இறங்கி ஒதுங்கி நின்று, "கிட்ட வந்து பாருங்கோ ஐயா" என்றேன். அவர் சுற்றி வந்து பார்த்துவிட்டு, சும்மா வடிவாயிருக்கு என்று சொல்லிப் போய்விட்டார். இப்போதும் யாராவது அதை உற்றுப் பார்த்தால் இஞ்சினை நிறுத்திவிடுகிறேன். அது மறிச்சுக்கட்டிக்காரருடையது இல்லை என்று மட்டும்தான் எனக்குத் தெரியும், என்னுடையது என்று இன்னும் தெரியாது.